எதையாவது அமுக்கினியா?

வாயைப் பாதி திறந்துகொண்டு, ஒரு கையைத் தூக்கிக்கொண்டு, கண் செருகிப்போய் நிற்கிறேன். என்னோடு முன்பு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த தோழி அந்தக் கோலத்தைப் படமெடுத்து எனக்கே அனுப்பியிருந்தாள். கூடவே சிரிக்கும் பொம்மைகள் நாலைந்து. பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது எப்படி என்று அவளுக்கு வீடியோவில் ஒத்திகைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "இப்ப ரெண்டாவது பின்னத்தைத் தலைகீழா" என்று சொல்லும்போது என் புது லேப்டாப் நின்றுவிட்டது. நான் பாட்டுக்கு இந்தப் பக்கம் பேசிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கம் அவள் என் தொண்டைக்குழியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சனியனைத் தூக்கிக் கெடிலத்தில் போட்டிருப்பேன். கத்திரி வெயிலில் ஆற்றில் பொட்டுத் தண்ணீர் இல்லை. போட்டாலும் மணலில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும்.

ஒரு லேப்டாப் நின்றுபோனதற்கா இவ்வளவு ஆத்திரம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கணக்கு டீச்சர். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் கடலூரில் ஒரு பள்ளியில் கணக்கு எடுத்தவள். மகள் பிறந்தபோது கொஞ்ச நாள் வீட்டில் இரு என்றார்கள். அப்புறம் மாமியார் படுக்கையில் விழுந்தார், இன்னும் கொஞ்ச நாள் இரு என்றார்கள். மாமியார் போய்ச் சேர்ந்தார், மகள் வளர்ந்து வெளியூர் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள், அந்தக் கொஞ்ச நாள் மட்டும் முடியவில்லை. பள்ளிகளில் போய்க் கேட்டால், இவ்வளவு வருஷம் இடைவெளி இருக்கே மேடம் என்று உதட்டைப் பிதுக்கினார்கள். அந்த நேரத்தில்தான் சென்னையில் ஆன்லைன் டியூஷன் நடத்தும் ஒரு கம்பெனி என் விண்ணப்பத்துக்குப் பதில் போட்டது. ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். பிடித்துவிட்டால் தினமும் சாயங்காலம் வகுப்பு. நான் மறுபடியும் டீச்சர். அதற்காக வாங்கியதுதான் இந்தப் பெட்டி. அது நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் நின்றது.

வாங்கிய கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வினையே அங்கேதான் ஆரம்பித்தது. செம்மண்டலத்தில் எங்கள் தெருவை விட்டு இறங்கி நடந்தால் லேப்டாப் கடை இருக்கிறது. கடலூர் பூராவும் இருக்கிறது. ஆனால் என் கணவரின் அக்கா வீட்டுக்காரர் சிதம்பரத்தில் போனும் லேப்டாப்பும் விற்கிற கடை வைத்திருக்கிறார். என் கணவருக்கு அவர் மாமா, எனக்கு அண்ணன் முறை.

"சொந்தத்துல கடை இருக்கும்போது வெளியில வாங்குனா மாமா மனசு என்ன பாடுபடும்?" என்றார் என் கணவர். ஒரு குண்டூசி வாங்குவதென்றாலும் மாமா மனசை ஒரு தடவை கேட்டுவிட்டு வாங்குகிற மனிதர் இவர். சரி, போய்த் தொலைவோம் என்று பஸ் ஏறினோம்.

மாமா நல்லவர்தான். அதை இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். கடைக்குள் நுழைந்ததும் இளநீர் வந்தது. பெட்டியைப் பிரித்து, சந்தனம் குங்குமம் வைத்து, கல்லாவுக்கு மேலிருந்த சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டி, ஒரு சுற்றுச் சுற்றி என் பக்கம் நீட்டினார். நான் வாங்கப் போனேன். அவர் நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "இரும்மா, நம்ம வூட்டுப் பொருளு, சும்மா அப்படியே குடுத்து அனுப்பிடுவனா?" என்று சொல்லி, கடையில் வேலை செய்பவரைக் கூப்பிட்டு லேமினேஷன் போடச் சொன்னார். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாள். சூடு காட்டி, துணியால் தேய்த்துத் தேய்த்து, கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்கிற பொறுமையோடு ஒட்டினார் அந்த ஆள். மேல்மூடி முடிந்தது, விசைப்பலகையைச் சுற்றி முடிந்தது. "அடிப்பக்கமும் சேர்த்துப் போடுப்பா. தங்கச்சிக்கு ஒரு கீறல் வுழக்கூடாது" என்றார் மாமா.

என் கணவர் அப்படியே உருகிப்போனார். எங்கள் வீட்டைப் பார்த்தால் உங்களுக்குக் காரணம் புரியும். டிவி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை. சோபாவுக்கு உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க மேலே ஒரு போர்வை. ஸ்கூட்டர் சீட்டில் கம்பெனிக்காரன் போட்டு அனுப்பிய பாலிதீன் இன்னமும் இருக்கிறது, உட்கார்ந்தால் பின்பக்கம் வெந்து போகும். புதுசு புதுசாகவே இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, "மாமா எவ்ளோ பாசமா செஞ்சாரு பாத்தியா" என்று புவனகிரி தாண்டும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

முதல் தடவை நின்றபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்புக்குறி நகரவில்லை, எந்த எழுத்தைத் தட்டினாலும் அசையவில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன், ஓடியது. மறுநாள் மறுபடி. அதற்கடுத்த நாள் நிற்கவேயில்லை, அப்பாடா என்றிருந்தேன். அப்புறம் ஒரே மத்தியானத்தில் திரும்பத் திரும்ப நின்றது. ஒரு ஒழுங்குமில்லை, ஒரு கணக்குமில்லை. கணக்கு டீச்சருக்கு இதைவிடப் பெரிய கொடுமை கிடையாது.

சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்த கணவரிடம் சொன்னேன். சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"எதையாவது அமுக்கினியா?"

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. "அமுக்கறதுக்குத்தான வாங்கியிருக்கு? தடவிக் குடுக்கவா வாங்குனோம்?" என்றேன்.

"அதில்ல, தப்பா எதையாவது..."

"தப்பா அமுக்கறதுக்குன்னு அதுல தனியா பட்டன் வெச்சிருக்கானா?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். மறுநாள் விடிகாலையில் எழுந்து, காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே லேப்டாப்பில் பேப்பர் படித்தார். ஒரு மணி நேரம் படித்தார். நிற்கவில்லை. "எனக்கு நல்லாத்தான ஓடுது" என்றார். அந்த நிமிஷம் எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் எழுத முடியாது. தினமும் இதே கதை. காலையில் அவருக்கு ஓடும், மத்தியானம் எனக்கு நிற்கும். அந்தப் பெட்டிக்குக்கூட ஆம்பளை பொம்பளை தெரியும்போல என்று நினைத்தேன்.

சரி, யாரும் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று இறங்கினேன். இணையத்தில் இருந்த வீடியோக்களில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அப்டேட் போடு என்றான் ஒருவன், போட்டேன். அப்டேட்தான் காரணம், எடுத்துவிடு என்றான் இன்னொருவன், எடுத்தேன். ஆன்டிவைரசைத் தூக்கினேன். டிரைவர்களை ஒவ்வொன்றாக மாற்றினேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு எந்த மகராசன் என் பெட்டியைத் தின்கிறான் என்று கண்கொட்டாமல் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே டாஸ்க் மேனேஜரும் சேர்ந்து நின்றது. கரன்ட் ஏற்ற இறக்கமோ என்று சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தேன். வைஃபையோ என்று போனிலிருந்து நெட் எடுத்துப் பார்த்தேன். கடைசியில் எல்லாவற்றையும் அழித்து, கடையிலிருந்து வந்த நிலைக்கே கொண்டுபோனேன். இரண்டு நாள் ராஜா மாதிரி ஓடியது. அந்த இரண்டு நாளும் மழை மேகம் போட்டிருந்தது. அதை அப்போது நான் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் வெயில் அடித்தது, பெட்டி நின்றது.

மாமாவுக்குப் போன் போட்டேன். "புதுப் பொட்டிம்மா அது, ஒண்ணும் ஆவாதே" என்றார். "நீ எதையாவது அமுக்கிட்டியா பாரு."

பல்லைக் கடித்துக்கொண்டு மறுநாளே சிதம்பரம் பஸ் ஏறினேன். பஸ்ஸில் உட்கார இடமில்லை. பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பரங்கிப்பேட்டை முக்கு வரை நின்றுகொண்டே போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கடைக்குள் நுழைந்ததும் ஏசி காற்று முகத்தில் அடித்தது. லேப்டாப்பை மாமாவின் மேசைமேல் வைத்து, வீடியோ ஓடவிட்டு, வகுப்புக்கான திரைக் கரும்பலகையையும் திறந்து வைத்தேன். இப்போது நிற்கும் பாருங்கள் என்றேன்.

நிற்கவில்லை.

ஒரு மணி நேரம் ஓடியது. நடுவில் அண்ணி, என் கணவரின் அக்கா, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சாப்பாடு போட்டார். திரும்பி வந்து பார்த்தால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைக்கு வந்தவர்களெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் வரை நான் அதன் முன்னால் உட்கார்ந்து, நில்லு, ஒரே ஒரு தடவை நில்லு என்று கும்பிடாத குறையாக வேண்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் நிற்காதே என்று வேண்டியவள், இங்கே நில்லு என்று வேண்டுகிறேன். என்ன பிழைப்பு இது!

"பாத்தியாம்மா, தேர் மாதிரி ஓடுது" என்றார் மாமா. குரலில் குத்தலே இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது. "பதட்டப்படாத. கிளாஸ் எடுக்கணும்னு ஒரு பயம் இருக்குமில்ல, அதுல கை எதையாவது அமுக்கிடும். பொறுமையா அமுக்கு."

பயமாம். நாற்பத்தைந்து பிள்ளைகளை ஒரே வகுப்பில் அடக்கி வைத்து அல்ஜீப்ரா நடத்தியவள் நான். என் கைக்கு எதை அமுக்க வேண்டும் என்று தெரியாதாம். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கோபத்தில் வருகிற தண்ணீரைப் பார்த்தும் அழுகிறாள் என்றுதான் நினைப்பார்கள், அதனால் குனிந்து பையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் மத்தியானம் வீட்டில் திறந்து வைத்தேன். அரை மணிகூட ஆகவில்லை, நின்றது. நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது என் கணவரிடம் தெளிவாகச் சொன்னேன். இந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்க வேண்டும். அவர் சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினார்.

"மாமா கிட்டயா? திருப்பிக் குடுக்கறதா? அக்கா வூட்ல என்ன நெனப்பாங்க? அன்னைக்கு அவ்ளோ நேரம் நல்லாத்தான ஓடிச்சாம். மாமா எனக்குப் போன் பண்ணிச் சொன்னாரு. இனிமே நீ அவருக்குப் போன் போடாத. அவரு மனசு கஷ்டப்படும்."

"அப்ப என் மனசு?"

"உன் மனசுக்கு என்ன? வூட்லதான இருக்க."

தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். அவருக்குக் கடைசிவரை தான் என்ன சொன்னோம் என்று தெரியவில்லை. ரசம் எங்கே என்று கேட்டார்.

மாதிரி வகுப்பு நாள் வந்தது. மத்தியானம் மூன்று மணி. புடவை கட்டி, தலை வாரி, சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் கம்பெனியிலிருந்து ஒரு பெண்மணி, கூட இன்னும் இரண்டு பேர். வணக்கம் சொல்லி, அரை ரொட்டியைக் கால் கால் ரொட்டியாகப் பங்கு போட்டால் எத்தனை பேருக்கு வரும் என்று ஆரம்பித்தேன். அந்தப் பெண்மணி தலையை ஆட்டினார். ஆகா, நம் பழைய குரல் இன்னும் இருக்கிறது என்று எனக்கே உள்ளே ஒரு சந்தோஷம். வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த அறைக்கதவு திறந்தாற்போல் இருந்தது. ரொட்டியை வரைந்து முடித்து நிமிர்ந்தேன். மூன்று முகமும் அசையாமல் நின்றன. அம்புக்குறி ரொட்டிமேல் நின்றது.

அணைத்துப் போட்டு, போனில் உள்ளே நுழைவதற்குள் அவர்கள் போய்விட்டார்கள். சாயங்காலமே மெயில் வந்தது. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, தொழில்நுட்ப வசதி போதுமானதாக இல்லாததால் உங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை.

நான் அன்றைக்கு அழுதேன். இதை ஒளிக்க எனக்கு ஒன்றுமில்லை. அழுது முடித்து, முகம் கழுவி, மெயிலின் அடியில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். அந்தப் பெண்மணிதான் எடுத்தார். சொல்ல நினைத்தது ஒன்று, வந்தது வேறு.

"மேடம், என் பாடம் சரியில்லன்னு சொல்லுங்க, போனை வெச்சுடறேன். என் பாடத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாம, பொட்டிய வெச்சு என்னை எடை போடாதீங்க. ரொட்டிக் கணக்கு புரிஞ்சுதா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க."

அவர் சொன்னார். "புரிஞ்சுது மேம். எங்க வீட்டுப் பொண்ணுக்கு இத இப்படி யாரும் சொல்லித் தரல." வெள்ளிக்கிழமை அதே நேரத்துக்கு இன்னொரு வாய்ப்புத் தருவதாகவும், மறுபடி நின்றால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார்.

வியாழக்கிழமை மத்தியானம் ஒத்திகை பார்த்தேன். நின்றது. எனக்கு வெறியே பிடித்துவிட்டது. "நாசமாப் போ!" என்று கத்திக்கொண்டு இரண்டு கையாலும் அதை மேசையிலிருந்து அள்ளித் தூக்கினேன், கட்டிலில் எறிவதற்கு. அடியில் பட்ட விரல்கள் சுரீரென்றன. தோசைக்கல்லில் கை வைத்ததுபோல. கத்திரி வெயிலில் எங்கள் வீட்டில் எல்லாமே சுடும், தண்ணீர்க் குழாய் சுடும், மின்விசிறிக் காற்று சுடும், அதனால் லேப்டாப் சுடுவதை நான் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. ஆனால் இது அந்தச் சூடு இல்லை. குப்புறத் திருப்பிக் கட்டிலில் போட்டேன். அடிப்பக்கம் மாமா ஒட்டிய பிளாஸ்டிக் ஓரிடத்தில் பூரி மாதிரி உப்பியிருந்தது. குனிந்து பார்த்தேன். உப்பலுக்கு அடியில் ஜன்னல் கம்பிகள்போல வரிசையாக நீள நீளமான ஓட்டைகள். உள்ளே இருக்கும் விசிறி காற்று இழுக்கிற வழி. அத்தனையும் அடைத்து, ஒட்டி, தேய்த்து, கீறல் விழாமல் பாதுகாத்திருந்தார்கள்.

நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். விடிகாலைக் குளுமையில் அவருக்கு ஓடியது, மேகம் போட்ட நாளில் ஓடியது, மாமாவின் ஏசியில் தேர் மாதிரி ஓடியது, என் மத்தியானத்தில் நின்றது. எல்லாக் கணக்கும் ஒரே வரியில் வந்து உட்கார்ந்தது. மூக்கையும் வாயையும் பொத்தி வைத்துவிட்டு, ஏன் மயக்கம் போடுகிறாய், எதை அமுக்கினாய் என்று இத்தனை நாள் என்னைக் கேட்டிருக்கிறார்கள்!

நகத்தை விட்டுக் கிழித்தேன். எளிதில் வரவில்லை, அவ்வளவு பாசமாக ஒட்டியிருந்தது. கிழிக்கக் கிழிக்க எனக்குள் ஒரு ஆங்காரமான திருப்தி. பிசினைத் துணியால் துடைத்துவிட்டு, ஆறவிட்டு, போட்டேன். காலண்டர் தாளில் ஒரு துண்டு கிழித்து ஓட்டைகளுக்குப் பக்கத்தில் காட்டினேன். சட்டென்று இழுத்து ஒட்டிக்கொண்டது. அந்த மத்தியான வெயிலில் வீடியோ, கரும்பலகை, எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிட்டேன். சாயங்காலம் அவர் வரும்வரை ஓடியது.

வந்தவரிடம் காட்டினேன். பெட்டி ஓடுவதை அவர் பார்க்கவில்லை. தரையில் கிடந்த பிளாஸ்டிக் சுருளைப் பார்த்தார்.

"அய்யய்யோ, மாமா ஒட்டுனத பிரிச்சுட்டியா? அவரு வந்து பாத்தா என்ன சொல்றது?"

அன்றைக்கு நடந்த சண்டையை முழுதாகச் சொன்னால் தெருவுக்கே மறுபடி கேட்கும். முடிவில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். நானாகப் போய் மாமாவிடம் இதைச் சொல்ல மாட்டேன், அவராகக் கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டேன். இவருக்கு அதுவே பெரிய நிம்மதி.

வெள்ளிக்கிழமை வகுப்பு எடுத்தேன். பெட்டி நிற்கவில்லை, நானும் நிற்கவில்லை. அரை ரொட்டி, கால் ரொட்டி, முக்கால் ரொட்டி எல்லாம் பங்கு போட்டு முடித்தபோது அந்தப் பெண்மணி கைதட்டினார். திங்கட்கிழமையிலிருந்து வகுப்பு. மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன், ஹாஸ்டலில் அவள் கத்திய கத்து எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

வகுப்பு ஆரம்பித்துச் சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவும் அண்ணியும் திருவந்திபுரம் கோயிலுக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சோபாவில் உட்கார்ந்ததும் மாமா கேட்டார். "லேப்டாப் எப்படிம்மா ஓடுது?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார். "சூப்பரா ஓடுது மாமா. இவதான் ஏதோ செட்டிங்க மாத்தி வுட்டுட்டா. அப்புறம் நான் சரி பண்ணிட்டேன்."

காபித் தட்டோடு நின்றவள் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, காலண்டரைப் பார்த்தார். விருந்தாளி எதிரில் என்ன பேசுவது என்று பல்லைக் கடித்தேன். மாமா சிரித்தார்.

"அதாம்மா. கடையில இப்ப இதே ரோதனையாப் போச்சு. காலேஜ் பிள்ளைங்க வாங்கிட்டுப் போவுதுங்க, நின்னு நின்னு போவுதுன்னு தூக்கிட்டு ஓடியாருதுங்க. கடையில வெச்சுப் பாத்தா நல்லா ஓடுது. எதையாவது அமுக்கியிருப்பீங்கம்மா, பாத்துச் செய்யுங்கன்னு சொல்லி அனுப்பிடறேன். இத்தனைக்கும் உனக்கு ஒட்டுன மாதிரியே எல்லாருக்கும் அடிப்பக்கமும் சேர்த்து ஒட்டிக் குடுக்கறோம். தங்கச்சிக்கு நல்லா அமைஞ்சுதேன்னு அதுலேர்ந்து அப்படித்தான்."

காபித் தட்டை மேசையில் வைத்துவிட்டேன்.

"போன வாரம் ஒரு பொண்ணு கடையிலயே தேம்பித் தேம்பி அழுவுது. வீடியோவுல வேலைக்கு இன்டர்வியூவாம். பாதியில நின்னுடுச்சாம். நான் என்ன பண்ணுவேன்? தைரியமா இரும்மா, பதட்டத்துல கை பட்டுருக்கும்னு சொன்னேன்."

என் கணவர் காபியை எடுத்து அவரிடம் நீட்டினார். நான் உள்ளே போய் லேப்டாப்பை எடுத்து வந்து மாமாவின் மடியில் குப்புற வைத்தேன்.

"அண்ணே, இந்த ஓட்டையப் பாருங்க. இது வழியாத்தான் அது மூச்சு வுடுது. நீங்க ஒட்டுன பிளாஸ்டிக் இத அடைச்சுடுச்சு. உங்க கடை ஏசியில தாங்கும், வெயில்ல சூடாயி நின்னுடும். என்னோடதும் அப்படித்தான் நின்னுச்சு. என் முதல் டெமோ போனதும் அதாலதான். நான் பிரிச்சுப் போட்டேன், ஓடுது. இவரு ஒண்ணும் சரி பண்ணல."

மாமா விரலால் அந்த ஓட்டைகளைத் தடவினார். காபி ஏடு கட்டியது. அவர் முகம் கறுத்துப்போய்விட்டது.

"ஏம்மா, அப்பவே எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"உங்க மனசு கஷ்டப்படுமேன்னு..." என்று இழுத்தார் என் கணவர்.

"எவன்டா அதக் கேட்டது?" என்றார் மாமா. இவரை அவர் டா போட்டு நான் கேட்டதே இல்லை. போனை எடுத்துக் கடையில் வேலை செய்பவரைக் கூப்பிட்டார். அடிப்பக்கம் ஒட்டிக் கொடுத்த அத்தனை பேருக்கும் நாளைக்கே போன் போட்டு வரச் சொல், பிரித்துவிட வேண்டும் என்றார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு எதுவும் ஆறவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு அந்த வேல கெடச்சுதா அண்ணே?" என்று கேட்டேன்.

அவர் லேப்டாப்பை மெதுவாக நிமிர்த்தி என் பக்கம் நகர்த்தினார்.

"அது தெரியலம்மா" என்றார்.